இன்ஸ்டாகிராம் வாடகைக்கு இருந்த காலம்: மேகக் கணினி ஆலோசனைக்கான ஒரு நிகழ்வு ஆய்வு

2010 அக்டோபர் 6 அன்று இன்ஸ்டாகிராம் செயலி வெளியானபோது அதைத் தாங்கி நின்றது ஒரே ஒரு சர்வர். லாஸ் ஏஞ்சல்ஸில் வாடகைக்கு எடுக்கப்பட்டிருந்த அந்த இயந்திரம் தன் மடிக்கணினியைவிடத் திறன் குறைந்தது என்று, செயலியை உருவாக்கிய இருவரில் ஒருவரான மைக் கிரீகர் பின்னாளில் ஒரு தொழில்நுட்ப உரையில் கூறினார். முதல் நாளிலேயே ஏறத்தாழ 25,000 பேர் கணக்குத் தொடங்கினர். சர்வர் திணறத் தொடங்கியது. கெவின் சிஸ்ட்ராமும் கிரீகரும் பயன்பாட்டு வடிவமைப்பில் தேர்ந்தவர்களே தவிர, பெருங்கூட்டத்தைத் தாங்கும் பின்தளத்தை நடத்திய அனுபவம் இருவருக்கும் இல்லை. அந்த நெருக்கடியில் அவர்கள், ஃபேஸ்புக்கின் முன்னாள் தலைமைத் தொழில்நுட்ப அலுவலரும் கோரா தளத்தை நிறுவியவர்களுள் ஒருவருமான ஆடம் டி'ஏஞ்சலோவைத் தொலைபேசியில் அழைத்தனர். செயலியை மீண்டும் எழுந்து நிற்கச் செய்வதற்கான அடிப்படைகளை அவர் அரை மணி நேரம் போலப் பேசி விளக்கினார்.

சமூக வலைச் செயலிகளுக்கான ஆலோசனை என்றால் என்ன என்று எவரேனும் கேட்டால், நான் முதலில் சொல்வது இந்தத் தொலைபேசி அழைப்பைத்தான். ஆலோசகர் சர்வரை விற்கவில்லை, நூறு பக்க அறிக்கையும் தரவில்லை. எந்த இடத்தில் அடைப்பு இருக்கிறது, எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பதைத் தன் அனுபவத்திலிருந்து வரிசைப்படுத்திக் கொடுத்தார். ஆயினும் அந்த ஓர் இரவோடு கதை முடியவில்லை. அதன்பின் வந்த நான்கு ஆண்டுகளில் அந்தச் சிறு குழு எதை வாடகைக்கு எடுத்தது, எதைத் தன் கையில் வைத்துக்கொண்டது என்பதும், 2013-இல் அந்த வாடகை இடத்தை விட்டு வெளியேற முற்பட்டபோது எது எளிதாக வந்தது, எது வழிமறித்தது என்பதும்தான் இந்த ஆய்வின் பொருள்.

முதல் நெருக்கடியும் அமேசானுக்குப் போனதும்

முதல் நாள் சிக்கல்களில் ஒன்று மிகச் சிறியது. இணைய உலாவியின் தாவலில் தளத்தின் பெயருக்கு அருகே ஒரு சின்னப் படம் தெரியுமே, அந்தக் கோப்பை அவர்கள் சர்வரில் வைக்க மறந்திருந்தனர். உலாவி அதைத் தானாகவே கேட்கும். கோப்பு இல்லாததால் ஒவ்வொரு கோரிக்கையும் ஜாங்கோ வரை, அதாவது செயலி நிரல் ஓடும் மென்பொருள் கட்டமைப்பு வரை, சென்று பிழையாகத் திரும்பி, பிழைகள் குவிந்துகொண்டே போயின. இதைக் கிரீகர் தம் உரையில் முதல் பாடமாகவே குறிப்பிட்டார். இப்படிப்பட்ட கோளாறுகளை ஆலோசகர் தேடிப் பார்க்காமல், நேரே பெரிய இயந்திரத்துக்கு மாறச் சொல்லிவிட்டால், வாடிக்கையாளர் பிழைக்கும் சேர்த்தே வாடகை கட்டிக்கொண்டிருப்பார். எனவே சர்வரின் பிழைப் பதிவேட்டை வாசிப்பதற்குமுன் இயந்திரத்தின் அளவைப் பற்றிப் பேசுவதில்லை என்பதை நான் ஒரு வழக்கமாகவே வைத்திருக்கிறேன்.

அடுத்து அவர்கள் அமேசானின் இ.சி.2 சேவைக்கு மாறினர். மணிக்கணக்கில் வாடகைக்குக் கிடைக்கும் இயந்திரம், முன்பணம் இல்லை, கூட்டம் பெருகினால் மேலும் இயந்திரங்களைச் சில நிமிடங்களில் சேர்க்கலாம் என்பது, முதலீடு குறைந்த இருவர் குழுவுக்கு இயல்பான தேர்வு. 2010 டிசம்பரில் பயனர் எண்ணிக்கை 10 இலட்சத்தைத் தொட்டது. ஓர் ஆண்டு கழித்து 2011 டிசம்பரில் அவர்கள் வெளியிட்ட தொழில்நுட்பக் குறிப்பின்படி, மூன்றே பொறியாளர்கள் நூற்றுக்கும் மேற்பட்ட இ.சி.2 இயந்திரங்களைக் கொண்டு ஏறத்தாழ 1 கோடியே 40 இலட்சம் பயனர்களைத் தாங்கிக்கொண்டிருந்தனர்.

அந்தக் குறிப்பில் மூன்று கொள்கைகள் இருந்தன: எளிமையாக வைத்திரு, ஏற்கெனவே இருப்பதை மறுபடி கண்டுபிடிக்காதே, முடிந்தவரை தேர்ந்து நிலைத்த தொழில்நுட்பத்தையே எடு. இவை எவரும் சொல்லக்கூடியவையே. ஆனால் இவர்கள் அவற்றின்படி நடந்ததற்கு இயந்திரப் பட்டியலே சான்று. முன்வாசலில் அமேசானின் சுமைப் பகிர்வியும் அதன் பின்னே கோரிக்கைகளை வாங்கிப் பகிரும் என்ஜின்எக்ஸ் சர்வர்களும், செயலி நிரலுக்கு 25-க்கும் மேற்பட்ட ஜாங்கோ இயந்திரங்கள், தரவுக்கு 12 போஸ்ட்கிரெஸ் தரவுத்தள இயந்திரங்கள், அவற்றின் நகல்களாக அமேசானின் வேறொரு மண்டலத்தில் மேலும் 12, செய்தியோடைக்கு, தரவை நினைவகத்திலேயே வைக்கும் ரெடிஸ், இடைச் சேமிப்புக்கு மெம்கேஷ்டு, பின்னணி வேலைகளுக்குக் கியர்மேன், படங்களுக்கு அமேசானின் எஸ்3 கிடங்கு, படங்களைப் பரிமாறக் கிளவுட்ஃபிரண்ட். இந்த வரிசையில் எது அமேசானுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிப் பார்த்தால், படக் கிடங்கு, பரிமாற்றம், சுமைப் பகிர்வு என்று சிலவே தேறும். தரவின் உயிர்நாடியான பகுதிகள் அனைத்தும் எந்த இயந்திரத்திலும் நிறுவி ஓட்டக்கூடிய திறந்த மூல மென்பொருள்கள். வெளியேறும் நாளை எண்ணி அப்படிச் செய்தார்களா என்பதைவிட, செய்ததன் பயன் பின்னால் தெரிந்தது என்பதே நமக்கு முக்கியம்.

எண்களைத் தம் கையில் வைத்துக்கொண்டது

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் முதலில் ஒரே இயந்திரத்தில் இருந்தது. படங்களின் அட்டவணை பெருத்தபோது அதைத் தனி இயந்திரத்துக்கு மாற்றினர். அதுவும் பெருத்தது, அப்போது இ.சி.2-இல் கிடைத்த மிகப்பெரிய இயந்திரத்தின் நினைவகமே 68 ஜிபிதான். வாடகைக்காரர் எவ்வளவு பணம் கொடுக்க முன்வந்தாலும் வீட்டுக்காரரிடம் அதைவிடப் பெரிய அறை இல்லை. இந்தக் கட்டத்தில்தான் தரவைப் பல இயந்திரங்களுக்குப் பிரித்து வைக்கும் வேலை, அதாவது ஷார்டிங், தொடங்கியது.

இதை அவர்கள் செய்த விதத்தை நான் மிகவும் மதிக்கிறேன். நான்கு இயந்திரம் இருக்கிறது, ஆகவே நான்காகப் பிரிப்போம் என்று அவர்கள் தொடங்கவில்லை. முதலிலேயே தரவைப் பல ஆயிரம் கற்பனைத் துண்டுகளாகப் பிரித்து, அந்தத் துண்டுகளைச் சில இயந்திரங்களில் குடியமர்த்தினர். இயந்திரம் நிரம்பினால் சில துண்டுகளை மட்டும் புதிய இயந்திரத்துக்குத் தூக்கி வைத்துவிடலாம். எந்தப் பயனரின் தரவு எந்தத் துண்டில் இருக்கிறது என்ற கணக்கு மாறவே மாறாது. ஒவ்வொரு படத்துக்கும் 64 பிட் நீளமுள்ள அடையாள எண் ஒன்று. அதில் 41 பிட் மில்லிவினாடிக் கணக்கில் நேரம், 13 பிட் துண்டின் எண், மீதி 10 பிட் அந்தத் துண்டுக்குள் ஏறிச்செல்லும் வரிசை எண். ஆக, ஒரு துண்டில் ஒரு மில்லிவினாடிக்கு 1,024 எண்கள் வரை பிறப்பிக்கலாம். நேரம் முன்னால் இருப்பதால் எண்ணின்படி அடுக்கினாலே காலவரிசை வந்துவிடும். எண்ணைப் பார்த்தாலே அது எந்தத் துண்டில் கிடக்கிறது என்பதும் தெரிந்துவிடும். இந்த எண்ணைப் பிறப்பிக்கத் தனிச் சேவை எதையும் அவர்கள் நிறுவவில்லை. டுவிட்டரின் ஸ்னோஃபிளேக் முறையையும் ஃபிளிக்கரின் டிக்கெட் சர்வர் முறையையும் ஆராய்ந்து, பராமரிக்க வேண்டிய உறுப்பு இன்னொன்று சேர்ந்துவிடும் என்று அவற்றை விலக்கிவிட்டு, போஸ்ட்கிரெஸுக்குள்ளேயே ஒரு சிறு செயல்கூறாக எழுதிக்கொண்டனர். அப்போது அவர்களுடைய சுமை வினாடிக்கு 25-க்கும் மேற்பட்ட படங்களும் 90-க்கும் மேற்பட்ட விருப்பக் குறிகளும்.

இன்னொரு கணக்கு செலவைப் பற்றியது. ஏறத்தாழ 30 கோடி பழைய படங்களுக்கு, படத்தின் எண்ணைக் கொடுத்தால் அதை ஏற்றியவரின் எண்ணைத் தரும் அட்டவணை ஒன்று அவர்களுக்கு உடனடியாகத் தேவைப்பட்டது. ரெடிஸில் நேரடியாக வைத்துச் சோதித்தபோது 10 இலட்சம் பதிவுகளுக்கு 70 எம்பி நினைவகம் பிடித்தது. 30 கோடிக்கு 21 ஜிபி. அவர்கள் எடுக்க எண்ணியிருந்த இயந்திரத்தின் நினைவகமோ 17 ஜிபி. அடுத்த அளவு இயந்திரத்துக்குப் போவது எளிய வழி. மாறாக, ரெடிஸை உருவாக்குபவர்களில் ஒருவரான பீட்டர் நூர்டுஹைஸிடம் கேட்டனர். பதிவுகளை ஆயிரம் ஆயிரமாகத் தொகுத்து, பல பதிவுகளை ஒரே பெயரின் கீழ் அடுக்கும் ரெடிஸின் ஹாஷ் அமைப்புக்குள் வைக்கும்படி அவர் சொன்னார். அப்படிச் செய்ததும் 10 இலட்சம் பதிவுகளுக்கு 16 எம்பி போதுமானதாக இருந்தது. மொத்த அட்டவணையும் 5 ஜிபிக்குள் அடங்கியது.

இந்த இரண்டு ஆலோசனைகளையும், டி'ஏஞ்சலோவின் தொலைபேசி உரையாடலையும் நூர்டுஹைஸின் பரிந்துரையையும், அருகருகே வைத்துப் பார்க்கும்படி என்னிடம் வரும் இளம் பொறியாளர்களைக் கேட்டுக்கொள்வதுண்டு. கேட்டவர்களிடம் துல்லியமான கேள்வி இருந்தது. இரண்டாவதில் அளந்து வைத்த எண்ணும் இருந்தது. சொன்னவர்கள் அந்தக் கேள்விக்கு மட்டுமே விடை சொன்னார்கள். ஆலோசனைக் கட்டணம் மாதாந்தர வாடகையின் ஒரு பங்காகக் கணக்கிடப்படும் ஒப்பந்தங்களை நான் ஏற்காததற்குக் காரணமும் இதுதான்: வாடிக்கையாளரின் நினைவகத் தேவையை நான்கில் ஒரு பங்காகக் குறைத்துக்கொடுக்கும் ஆலோசகர், அத்தகைய ஒப்பந்தத்தில் தன் ஊதியத்தையே குறைத்துக்கொள்கிறார். எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும் ஒருவரை அந்த நிலையில் நிறுத்தக் கூடாது.

புயல்

2012 ஏப்ரல் 3 அன்று ஆண்ட்ராய்டு செயலி வந்தது. ஒரு நாளுக்குள் 10 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் அதை இறக்கினர். ஆறு நாள் கழித்து, 13 பேர் பணியாற்றிய அந்த நிறுவனத்தை 100 கோடி டாலருக்கு வாங்குவதாக ஃபேஸ்புக் அறிவித்தது. அப்போதும் செயலி அமேசானின் வடக்கு வர்ஜீனியா மையங்களிலேயே இருந்தது.

2012 ஜூன் 29, வெள்ளிக்கிழமை இரவு, அப்பகுதியைக் கடுமையான இடிமின்னல் புயல் தாக்கியது. பொது மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, அமேசானின் ஒரு மையத்தில் மின்னாக்கிகள் சீரான மின்சாரத்தைத் தரவில்லை. நெட்ஃபிளிக்ஸ், பின்டரெஸ்ட் ஆகியவற்றோடு இன்ஸ்டாகிராமும் விழுந்தது. அதன் இயந்திரங்களில் ஏறத்தாழ பாதி மறைந்துபோயின என்றும், தளத்தின் உள்கட்டமைப்பைப் பெரும்பாலும் புதிதாகக் கட்டி எழுப்பச் சிறு குழு 36 மணி நேரம் உழைத்தது என்றும் அதன் பொறியாளர்கள் பின்னர் எழுதினர். நகல்கள் வேறு மண்டலத்தில் இருந்தும் இந்நிலை வந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். தரவின் நகல் இருப்பது வேறு. பாதி இயந்திரங்கள் இல்லாமலேயே சேவையைத் தொடரும் பழக்கம் இருப்பது வேறு. முதலாவதைப் பணம் கொடுத்து வாங்கலாம். இரண்டாவது ஒத்திகையால் மட்டுமே வரும், அதையும் நள்ளிரவில் தொடங்க முடியாது.

வெளியேறும் வழியில் நின்றது எது?

2013 ஏப்ரலில் இன்ஸ்டாகிராமை ஃபேஸ்புக்கின் சொந்த மையத்துக்குக் கொண்டுசெல்லும் பணி தொடங்கியது. வாடகையைக் குறைப்பதற்காக என்று பலர் நினைக்கிறார்கள். பொறியாளர்கள் எழுதிவைத்த காரணம் அதுவன்று: ஃபேஸ்புக்கின் உள் அமைப்புகளோடு எளிதாக இணைவதும், பேரளவு சர்வர்களை நிர்வகிக்க அங்கே உருவாகியிருந்த கருவிகளைப் பயன்படுத்திக்கொள்வதும்தான். தங்களுக்கென மூன்று வரம்புகளையும் வகுத்துக்கொண்டனர். சேவை ஒரு கணமும் நிற்கக் கூடாது. புதிய வசதிகளை உருவாக்குவோரின் வேலை தடைபடக் கூடாது. இடம் மாறும் வேளையில் உள்கட்டமைப்பின் உறுப்புகளையும் மாற்றி வைக்கக் கூடாது. மூன்றாவது வரம்பு அரிய ஒழுக்கம். வீடு மாறும்போதே பழைய பாத்திரங்களையெல்லாம் தூக்கிப்போட்டுப் புதிதாக வாங்கிவிடலாம் என்ற ஆசை எல்லாருக்கும் வரும்; பல இடமாற்றத் திட்டங்கள் அந்த ஆசையால்தான் ஆண்டுக்கணக்கில் இழுபடுகின்றன.

தரவு எளிதாக நகரக்கூடியதாக இருந்தது. போஸ்ட்கிரெஸ் எங்கும் போஸ்ட்கிரெஸ்தான். துண்டுகளின் கணக்கும் அடையாள எண்களும் அவர்களுக்கே உரியவை. வழிமறித்தது எவரும் எதிர்பாராத ஒன்று: முகவரிகள். ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உள்வலையில் ஓர் ஐ.பி. முகவரி உண்டு. அன்றைய இ.சி.2-இல் அந்த முகவரியை அமேசான்தான் கொடுத்தது, வாடிக்கையாளர் தேர்ந்தெடுக்க முடியவில்லை. ஃபேஸ்புக்கின் உள்வலையில் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த முகவரிகளும் இ.சி.2-இன் முகவரிகளும் ஒன்றோடொன்று மோதின. ஒரே கதவு எண் கொண்ட இரண்டு தெருக்களை ஒரே தெருவாக்கினால் தபால்காரர் என்ன செய்வார்? இரண்டு வலைகளையும் நேரடியாக இணைக்க வழியே இல்லாமல் போயிற்று.

ஆகவே இரட்டைப் பயணம் தேவைப்பட்டது. முதலில் அமேசானுக்குள்ளேயே, முகவரிகளை வாடிக்கையாளரே வகுத்துக்கொள்ள இடம்தரும் வி.பி.சி. என்னும் தனி வலைக்கு மாற வேண்டும். பின்பு அங்கிருந்து டைரக்ட் கனெக்ட் என்னும் தனிக் கம்பி வழியாக ஃபேஸ்புக்குக்குச் செல்ல வேண்டும். ஒரே நிறுவனத்தின் இரு சேவைகள்தாமே, முதல் பயணம் எளிதாக இருக்கும் என்று தோன்றும். ஆனால் அப்போது இ.சி.2-க்கும் வி.பி.சி.க்கும் இடையே பாதுகாப்புக் குழுக்களை, அதாவது எந்த இயந்திரம் எதனோடு பேசலாம் என்று வகுக்கும் விதிகளை, பகிர முடியவில்லை. ஒன்றோடொன்று பேச வேண்டுமானால் பொது இணையத்தின் வழியாகத்தான் பேச வேண்டியிருந்தது. பல்லாயிரம் இயந்திரங்களைக் கொண்ட ஓர் அமைப்பைப் பாதி இங்கும் பாதி அங்குமாக வைத்துக்கொண்டு சேவையை நிறுத்தாமல் நகர்த்துவதற்கு இது பெரிய இடையூறு.

இதற்காக அவர்கள் நெட்டி என்னும் கருவியை உருவாக்கினர். பைத்தானில் எழுதப்பட்டு, பல இயந்திரங்களுக்குப் பொதுவான தகவலை வைத்திருக்கும் சூகீப்பர் மென்பொருளைப் பின்பலமாகக் கொண்ட இச்சிறு நிரல் ஒவ்வோர் இயந்திரத்திலும் ஓடி, வலைப் போக்குவரத்தை வழிநடத்தும் லினக்ஸின் ஐபிடேபிள்ஸ் விதிகளை ஆயிரக்கணக்கில் தானே எழுதித் திருத்திக்கொண்டிருந்தது. அதன் பயனாக ஒவ்வோர் இயந்திரத்துக்கும், அது எந்தப் பக்கம் இருந்தாலும் மாறாத ஒரு முகவரி கிடைத்தது. பேசும் இரண்டு இயந்திரங்களும் ஒரே பக்கம் இருந்தால் உள்வழியாகவும், எதிரெதிர்ப் பக்கம் இருந்தால் பொது இணைய வழியாகவும் தரவு போகும். மேலே ஓடும் செயலி நிரலுக்கு இந்த வேறுபாடே தெரியாது. இப்படி வி.பி.சி.க்கான மாற்றம் மூன்று வாரத்துக்குள் முடிந்தது. இரண்டாம் பயணத்தில், ஃபேஸ்புக்கின் சர்வர்கள் மேல் லினக்ஸ் கன்டெய்னர்களை, அதாவது ஓர் இயந்திரத்துக்குள் தடுத்து அமைத்த தனி அறைகளை, அமைத்து, அதுவரை பழகிய அதே சூழலை அவற்றுக்குள் நிறுவினர். இயந்திரங்களை ஒழுங்கமைக்க வழக்கமான ஷெஃப் கருவியையே தொடர்ந்தனர். 2014-இல் பணி நிறைவடைந்ததை அறிவித்தபோது மாதந்தோறும் செயலியைப் பயன்படுத்தியவர்கள் 20 கோடிப் பேர்.

2010-இல் ஓர் ஆலோசகர் இதை முன்கூட்டிச் சொல்லியிருக்க முடியுமா? நேர்மையாகச் சொன்னால், நானும் சொல்லியிருக்க மாட்டேன். செயலி உயிரோடு இருக்குமா என்பதே கேள்வியாக இருந்த இரவில் முகவரித் திட்டம் பற்றிப் பேசுபவர் நல்ல ஆலோசகர் அல்லர். ஆனால் 10 இலட்சம் பயனர் வந்தபிறகு, முதல் நெருக்கடி அடங்கிய ஒரு வாரத்தில், யாரேனும் ஒருவர் உட்கார்ந்து, நமக்கு உரியவை எவை, வீட்டுக்காரருக்கு உரியவை எவை என்று இரண்டு பத்தியாக எழுதியிருக்க வேண்டும். அந்தத் தாளில் முகவரி இரண்டாம் பத்தியில் வந்திருக்கும். இப்போது என்னிடம் வரும் சிறு நிறுவனங்களுக்கு, சென்னையிலிருந்து மும்பை மண்டலத்தில் சேவை நடத்துபவர்களுக்கும்கூட, முதல் வாரத்தில் நான் எழுதித் தரச் சொல்வது அந்தத் தாளைத்தான். அடையாள எண்களைப் பிறப்பிப்பது யார், பயனரின் உள்நுழைவு யார் சேவையில் இருக்கிறது, உள்வலை முகவரியை வகுத்தது யார், படங்கள் எந்தப் பெயரில் உலகுக்குப் போகின்றன: சொந்த டொமைன் பெயரிலா, கிடங்குக்காரர் பெயரிலா? கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் பதிலே வராது. கிடங்குக்காரரின் முகவரி செயலியின் நிரலுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கும்.

ஒப்பந்தம் என்னும் மற்றொரு கதவு

தொழில்நுட்பம் திறந்திருந்தாலும் ஒப்பந்தம் பூட்டியிருக்கலாம். ஸ்னாப்சாட் செயலியை நடத்தும் ஸ்னாப் நிறுவனம் 2017-இல் பங்குச் சந்தைக்கு வந்தபோது தாக்கல் செய்த ஆவணங்களின்படி, கூகுள் கிளவுடுக்கு ஐந்து ஆண்டில் 200 கோடி டாலர், அதாவது ஆண்டுக்கு 40 கோடி டாலர், செலவிடுவதாக அது ஒப்புக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய 2016-ஆம் ஆண்டில் அதன் மொத்த வருவாய் ஏறத்தாழ 40.4 கோடி டாலர். அமேசானுடனும் ஐந்து ஆண்டுக்கு 100 கோடி டாலர் ஒப்பந்தம் பின்னர் சேர்ந்தது. வளர்ச்சி உறுதி என்று நம்புகிறவருக்கு இப்படிப்பட்ட உறுதிமொழி தள்ளுபடியைப் பெற்றுத் தரும். வளர்ச்சி தாமதமானால் காலி அறைகளுக்கும் வாடகை கட்ட வேண்டும்.

வெளியேறும் தரவுக்கான கட்டணம் வேறு வகை. மேக நிறுவனங்கள் பொதுவாக உள்ளே வரும் தரவுக்கு ஒன்றும் வாங்குவதில்லை, வெளியே போகும் ஒவ்வொரு ஜிபிக்கும் வாங்குகின்றன. படங்களும் காணொளிகளும் நிறைந்த சமூக வலைச் செயலிக்கு இதுவே கட்டணப் பட்டியலின் கனமான வரியாகிவிடும். ஒட்டுமொத்தமாக விலகிச் செல்லும் வாடிக்கையாளர்களுக்கு இந்தக் கட்டணத்தை நீக்குவதாக 2024-இன் தொடக்கத்தில் கூகுளும் அமேசானும் மைக்ரோசாஃப்ட்டும் அடுத்தடுத்து அறிவித்தன. நல்ல மாற்றம், ஆனால் அன்றாடம் பயனருக்குப் போகும் தரவுக்கு அது பொருந்தாது.

சொந்த வீட்டிலும்

ஃபேஸ்புக்கின் மையத்துக்கு வந்தபிறகும் இன்ஸ்டாகிராம் முதலில் ஒரே மையத்தில்தான் இருந்தது. வாடகை வீட்டில் இருந்த அதே பலவீனம் சொந்த வீட்டுக்கும் கூடவே வந்திருந்தது. 2015-இல் அதை மூன்று மையங்களுக்கு விரித்தபோது புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. ஒருவர் ஒரு மையத்தில் கருத்து எழுதினால் தரவுத்தளத்தின் நகல் வழியாக அது மற்ற மையத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடும். ஆனால் அங்குள்ள மெம்கேஷ்டு இடைச் சேமிப்பு பழைய பக்கத்தையே காட்டிக்கொண்டிருக்கும். நகல் வந்து சேர்ந்ததும் அந்தந்த மையத்தில் உள்ள பழைய பதிவை அழிக்கும் வேலையைத் தரவுத்தளத்தின் பக்கமே ஒப்படைத்து இதைத் தீர்த்தனர். பொறியாளர்கள் இந்த விரிவாக்கத்தைப் பற்றி எழுதியபோது, 2012 ஜூன் புயலையும் அந்த 36 மணி நேரத்தையும் நினைவுகூர்ந்தனர். இம்முறை அவர்கள் புயலுக்காகக் காத்திருக்கவில்லை. ஃபேஸ்புக்கில் அவ்வப்போது ஒரு மையத்தை முழுவதுமாக வேண்டுமென்றே துண்டித்துப் பார்க்கும் ஒத்திகை உண்டு. இன்ஸ்டாகிராமும் அந்த ஒத்திகையில் சேர்ந்துகொண்டது.